இடது அம்புக்குக் கொஞ்சம் முந்தி

என் இடது காலால் நான் பெயர் எடுப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வலது காலே ஒழுங்காகச் சொல்வழி கேட்காத ஆள் நான்.

போன சனிக்கிழமை எடுத்தேன். அதுவும் நாலு பேர் பார்க்க. கொழும்பிலிருந்து வான் பிடித்து வந்தவர்கள், எங்களூர் ஆட்கள், கீழ்மாடிப் புடைவைக்கடை முதலாளி... எல்லோரும் சாட்சி. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் இல்லை. நல்லதாய்ப் போயிற்று. அவர் வந்திருந்தால் இந்தக் கிழமைப் பத்தி வேறு எதைப் பற்றியாவது இருந்திருக்கும்.

விஷயம் டான்ஸ் மெஷின். ஓம், சரியாகத்தான் வாசித்தீர்கள். இந்த வயதில்தான்.

நான் அதைத் தேடிப் போகவில்லை. கிளினிக்கில் என்னைத் தினமும் நடக்கச் சொன்னார்கள். சீனி, கொழுப்பு, வயது என்று மூன்று குற்றச்சாட்டு. நானும் உட்துறைமுக வீதியில் நடக்கத் தொடங்கினேன். ஆனால் திருகோணமலையில் ஒரு பெண் வேகமாக, தனியாக, கையில் பையும் இல்லாமல் நடந்தால் என்ன நடக்கும்? ஓட்டோ நிற்கும். "என்ன அக்கா, ஏதும் அவசரமோ?" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள். யாருமே கேட்காவிட்டால் எங்களூர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று வந்து குறுக்கே நிற்கும். அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டும். இதில் எங்கே கொழுப்பு கரைவது?

அப்படி ஒரு பின்னேரம் நடக்கப் போய் மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு புடைவைக்கடையில் ஒதுங்கினேன். தலைக்கு மேலே தொம் தொம் என்று சத்தம். சீலிங் ஃபேன் நடுங்குகிறது. என்னவென்று கேட்டேன்.

"மேல ஆடுகினம்" என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் ஜவ்பர் நானாவிட்ட எத்தினை தரம் சொல்லிட்டன். கேக்கிறேல்லை."

பத்தி எழுதுகிறவளுக்கு இது போதாதா? மாடி ஏறினேன்.

மேலே ஜவ்பர் நானாவின் கேம் சென்டர். கார் ஓட்டுவது, சுடுவது, பந்து எறிவது என்று வழக்கமான மெஷின்கள். மூலையில் இரண்டு அலுமாரியைச் சேர்த்து வைத்த அளவில் ஒன்று, கலர் கலராக மின்னிக்கொண்டு. அதன் முன்னால் சின்ன மேடை. மேடையில் நான்கு அம்புக்குறிகள். அந்த அம்புகளின் மேல் ஒரு பெண் காற்றாய்ப் பறந்துகொண்டிருந்தார். தலைமுடியை இறுக்கிக் கட்டி, கால்சட்டை, சப்பாத்து. கால்கள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மேல் உடம்போ அசையவே இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி நிதானம்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அக்கா! கடைவாய்ப் பல்லு இப்ப எப்படி?"

ஐயோ... என் பல்லைப் பிடுங்கிய டொக்டர்! டொக்டர் சுகந்தி. இந்த ஊரில் பாதிப் பேர் அவர் முன்னால் வாயைத் திறந்தவர்கள்தான். நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போதும் அந்தக் கால்கள் நிற்கவில்லை. பாட்டு முடிந்தது. திரையில் பெரிய எழுத்தில் ஏதோ மின்னியது. நாலைந்து பேர் கை தட்டினார்கள். அவர் துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே துவாயைத் திருப்பி மடித்து மேடையையும் துடைத்துவிட்டு இறங்கினார்.

"விளையாட்டு சுகம் அக்கா. கீழேயிருந்து அம்புகள் மேல ஏறி வரும். மேல உள்ள கோட்டைத் தொடேக்க அதே அம்பில மிதிக்கோணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கான தண்டனையை இன்னும் அனுபவிக்கிறேன்.

அன்றிலிருந்து கிழமையில் மூன்று பின்னேரம் நான் அங்கே. வீட்டில் இன்னும் நடைப்பயிற்சி என்றுதான் பெயர்.

அந்த மெஷினைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. பாலையூற்றிலிருந்து வரும் டொக்டர். கிண்ணியாவிலிருந்து பாஹிம், மீனுக்கு ஐஸ் ஏற்றும் லொறி வைத்திருப்பவர். சீனன்குடாவில் வேலை செய்கிற இரண்டு பேர். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள். வேலை முடிந்து, குளித்து, தனியாக ஒரு பையில் ஆடுகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தச் சப்பாத்து தெருவில் படாது. கல்யாணச் சேலைக்குக்கூட நான் அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

அவர்களுக்கென்று சில வழக்கங்கள். எழுதி ஒட்டவில்லை. ஆனால் மீறினால் நானாவே முறைப்பார். ஆட விரும்புகிறவர் தன் டோக்கனை மெஷினின் விளிம்பில் வைக்க வேண்டும். இடமிருந்து வலமாக வரிசை. டோக்கன்தான் ஆள். நீங்கள் கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் உங்கள் இடத்தை யாரும் தொடமாட்டார்கள். வங்கியில், ஆஸ்பத்திரியில், கந்தோரில் நான் காணாத ஒழுங்கு அது. நாம் மனிதர்களாக நிற்கும்போது முண்டியடிக்கிறோம், டோக்கனாக நிற்கும்போது எவ்வளவு கண்ணியமாக இருக்கிறோம் பாருங்கள்!

இன்னொரு வழக்கம் எனக்கு ஆகப் பிடித்தது. புதிதாக ஒருவர் ஏறித் தடுமாறினால் யாரும் சிரிக்கக் கூடாது. யாராவது ஒருவர் உடனே "மெஷின் பிழை" என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் பாஹிம்தான் சொல்வார்.

"மெஷின் பிழைக்கா. நீங்க சரியாத்தான் மிதிச்சீங்க."

என் முதல் நாளில் மட்டும் மெஷின் அத்தனை பிழை விட்டது. நான் ஒன்றும் பேபி இல்லை, பொய் என்று தெரியும். ஆனாலும் அந்தப் பொய்யால்தான் மறுநாளும் போனேன். எத்தனை வகுப்பறைகளில், எத்தனை கந்தோர்களில் புதிதாக வந்த ஒருவருக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைத்திருக்கிறது? நமக்கெல்லாம் கிடைத்தது "இதுகூடத் தெரியாதா?"தானே.

புதியவர்களுக்கு அவர்கள் கொடுக்கும் முதல் பாடம் ஒன்று உண்டு. இடது அம்புக்குக் கொஞ்சம் முந்தி மிதிக்க வேண்டும்.

"ஏன்?" என்றேன்.

"எல்லாருக்கும் இடது கால் கொஞ்சம் சோம்பேறிக் கால் அக்கா" என்றார் டொக்டர். "அதால அது முந்தி வெளிக்கிடோணும்."

பல் டொக்டர் காலைப் பற்றிச் சொன்னால் நம்பலாமா? எல்லோரும் நம்பினார்கள். எல்லோரும் அப்படித்தான் ஆடினார்கள். என்னால் மட்டும் ஏலவில்லை. அம்பு கோட்டைத் தொடும்போதுதான் என் கால் விழும். அது வலதுக்குச் சரி, முன்னுக்குச் சரி, பின்னுக்கும் சரி. இடதுக்கு மட்டும் ஒவ்வொரு தரமும் திரையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் வாங்கியதைவிடக் கூட.

"நான் சரியாத்தானே மிதிக்கிறன்!" என்று கத்துவேன்.

"மெஷின் பிழைக்கா" என்பார் பாஹிம், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

இனி டொக்டரின் கதைக்கு வருகிறேன்.

இந்த மெஷினில் ஆடுகிறவர்களுக்கு இலங்கை முழுக்க ஒரு வட்ஸ்அப் குறூப் இருக்கிறது. கொழும்பு, கண்டி, நீர்கொழும்பு என்று பல ஊர் ஆட்கள். யார் எந்தப் பாட்டில் எவ்வளவு ஸ்கோர் எடுத்தார் என்று திரையைப் படம் பிடித்துப் போடுவார்கள். பாராட்டுவார்கள். ஆகக் கடுமையான லெவலில் ஒரு பாட்டு. அதைக் கடைசிவரை ஆடி முடித்தவர்களே குறைவாம். டொக்டர் ஒரு வருஷமாக அதன் பின்னால் நின்று, ஒரு நாள் முடித்தார். அழகான ஸ்கோர். படம் எடுத்துப் போட்டார்.

பாராட்டு வரவில்லை. பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் எழுதினார்: திருகோணமலை மெஷின் இளகின மெஷின் போல, காற்றடித்தாலும் மார்க்ஸ் போடுமாக்கும். அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக.

டொக்டர் பதில் எழுதவில்லை. அதன் பிறகு படமும் போடவில்லை. ஆனால் தினமும் வந்தார், ஆடினார். ஒருநாள் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"தோத்தா எனக்குப் பிரச்சினை இல்லை அக்கா. கள்ளி எண்டு நினைச்சிட்டினம். அதுதான் ஏலாமக் கிடக்கு."

அவர் குரல் தழுதழுக்கவில்லை. பல்லுக்கு விலை சொல்கிற அதே குரல்தான். சின்ன விஷயம் என்று நீங்கள் சொல்லலாம். ஒரு விளையாட்டு, அதில் ஒரு ஸ்கோர், அதை நம்பாத முகம் தெரியாத நாலு பேர்... ஆனால் நாம் உண்மையாகச் செய்த ஒன்றை இன்னொருவர் பொய் என்று சொல்லும்போது, அதன் அளவா முக்கியம்?

போன மாதம் குறூப்பில் ஒரு செய்தி வந்தது. நீண்ட விடுமுறைக்கு நிலாவெளிக்கு வருகிறோம், சனிக்கிழமை உங்கள் மெஷினையும் பார்க்கலாமா? எழுதியவர் கொழும்பு வெள்ளவத்தை மிதுனா. பார்க்கலாமா என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

டொக்டர் இரண்டே சொல் எழுதினார்: வாங்கோ. பாருங்கோ.

சனிக்கிழமை காலையிலிருந்தே கேம் சென்டரில் கல்யாண வீட்டு அமளி. ஜவ்பர் நானா ரோல்ஸும் இஞ்சித் தேநீரும் ஏற்பாடு செய்திருந்தார். சீனன்குடா ஆட்கள் மேடையைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். பாஹிம் ஒரு படி மேலே போய்விட்டார். கொழும்பு பஸ்ஸில் காலையில் அவருக்கு ஒரு பார்சல் வந்தது. இடது அம்புக்குப் புத்தம்புதுச் சென்சர். சென்சர் என்றால் அம்புத் தட்டுக்கு அடியில் இருந்து, கால் பட்டதை மெஷினுக்குச் சொல்லும் சின்னத் துண்டு. பழையது எப்போதோ பழுதாகி, அடியில் ஒரு துண்டுச் சைக்கிள் டியூப் வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்ததாம். இவர்கள் யாரும் ஆடத் தொடங்கும் முன்பே அப்படித்தானாம்.

"வாறவங்க நம்மட மெஷினக் குறை சொல்லப்படாது" என்றார் பாஹிம், ஸ்குரூவைத் திருகிக்கொண்டே. "டொக்டருக்கும் சொல்லல. ஆடிட்டு மறுகா சொல்லுவம். சந்தோசப்படுவா."

எவ்வளவு நல்ல மனம்! நானும் வாயைப் பொத்திக்கொண்டு சம்மதித்தேன். ஸ்குரூவைக் கையில் ஏந்திப் பிடித்ததும் நான்தான்.

பிற்பகல் அவர்கள் வந்தார்கள். கெட்டவர்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். ஏமாற்றம். சப்பாத்துப் பையோடு, கடற்கரையில் கறுத்த முகத்தோடு, "ஹலோ அக்கா" என்று வந்தார்கள். முதல் வேலையாக டோக்கன்களை விளிம்பில் வைத்தார்கள். மிதுனா நெட்டையான, சிரித்த முகப் பிள்ளை. நானா நீட்டிய ரோல்ஸை இரண்டு தரம் எடுத்தார். இப்படிப்பட்டவர்கள் மேல் எப்படிக் கோபப்படுவது?

விருந்தாளிகள் முதலில் ஆடினார்கள். பிரமாதமாக ஆடினார்கள். கீழேயிருந்து புடைவைக்கடை முதலாளி சண்டைக்கு ஏறி வந்தார். "ஃபேன் கழண்டு விழப்போகுது!" என்று தொடங்கியவர், மேடையைப் பார்த்தார். அப்படியே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானா அவர் கையிலும் ஒரு ரோல்ஸைக் கொடுத்தார்.

அடுத்தது டொக்டரின் டோக்கன்.

அவர் ஏறினார். அதே பாட்டு. அதே லெவல். வேறு எதையும் தெரிவு செய்யவே இல்லை.

தொடங்கியது. சிவப்புக் குறி. இன்னொன்று. இன்னொன்று. நான் திரையைத்தான் பார்த்தேன், நம்பமுடியவில்லை. எனக்கு வரும் அதே சிவப்புக் குறிகள்... டொக்டருக்கு! பாதிப் பாட்டுக்கூட ஓடவில்லை. திரை இருண்டது. மெஷின் அவரை வெளியே போகச் சொன்னது.

அவர் மூச்சை இழுத்துவிட்டு மறுபடியும் அதையே தெரிவு செய்தார். இந்த முறை இன்னும் முந்தியே இருண்டது.

கொழும்புப் பையன் ஒருவன் மெதுவாகக் கைபேசியை எடுத்துக் குனிந்துகொண்டான். மிதுனா சுவரைப் பார்த்தார். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையைவிடச் சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"மெஷின் பிழை டொக்டர்" என்றார் பாஹிம்.

டொக்டர் மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது புது ஆக்களுக்குச் சொல்றது, பாஹிம்."

துடைத்து முடித்து, இறங்கி, கதிரையில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்தது. கள்ளி என்று நினைத்தவர்கள் இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். இனி எந்தப் படத்தைப் போட்டு யாரை நம்பவைப்பது?

நானா விளிம்பைப் பார்த்தார். "அடுத்தது யார்ர டோக்கன்?"

என்னுடையது!

வந்த பழக்கத்தில் நானும் ஒன்றை வைத்திருந்தேன். செத்தேன். வேண்டாம், அடுத்தவர் ஏறட்டும் என்றேன். ஏலாது. டோக்கன்தான் ஆள். வரிசை என்றால் வரிசை.

"ஏறுங்க புள்ள" என்றார் நானா. "ஆருக்குத்தான் இப்ப சிரிப்பு வரப்போகுது?"

ஏறினேன். கொழும்பு ஆட்களுக்கு முன்னால், ஆகச் சுகமான லெவலில், குழந்தைகள் ஆடுகிற பாட்டு. எனக்கு அவமானம்கூட வரவில்லை, அவ்வளவு கவலை. என்னமோ அம்பு வந்தது, மிதித்தேன். வந்தது, மிதித்தேன். என் கண் பாதி நேரம் டொக்டரின் சப்பாத்து நாடாவில்தான் இருந்தது.

பாட்டு முடிந்தது. திரையில் பெரிய எழுத்து மின்னியது. ஆக நல்ல ஆட்டத்துக்கு மெஷின் போடும் அந்த எழுத்தை என் வாழ்க்கையில் நான் வாங்கியதே இல்லை. ஒரு சிவப்புக் குறியும் இல்லை. ஒன்றுகூட இல்லை!

கொழும்பு ஆட்கள் நல்ல பிள்ளைகள், கை தட்டினார்கள். புடைவைக்கடை முதலாளி விசிலே அடித்தார். பாஹிம் மட்டும் தட்டவில்லை. என் இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா... நீங்க இப்ப இடதுக்கு முந்தி மிதிச்சீங்களா?"

"எனக்கு எங்க முந்த வருது? அம்பு வரேக்கதான் மிதிக்கிறனான். எத்தினை தரம் சொல்லிட்டன்!"

"இவ்வளவு நாளும் உங்களுக்கு இடது அம்பு ஒண்டுமே விழாது."

"ஓம்."

"இண்டைக்கு எல்லாம் விழுந்திரிக்கி."

பாஹிம் ஓடிப்போய்த் தன் பையைத் திறந்து பழைய சென்சரையும் அந்தச் சைக்கிள் டியூப் துண்டையும் எடுத்து வந்தார். கையில் ஏந்தியபடி டொக்டருக்கு முன்னால் நின்றார்.

"டொக்டர், நான் காலையில புதுசு போட்டுட்டன். இது இவ்வளவு நாளும் பிந்தித்தான் வேலை செஞ்சிரிக்கி. நாம எல்லாரும் அதுக்கு முந்தி மிதிச்சுப் பழகிட்டம்... உண்மையாவே மெஷின் பிழை டொக்டர்!"

டொக்டரின் விரல்கள் நாடாவில் நின்றன.

நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு புதியவரும் "நான் சரியாகத்தான் மிதிக்கிறேன்" என்றுதான் சொல்லியிருப்பார். ஒவ்வொருவருக்கும் "மெஷின் பிழை" என்று அன்பாகப் பதில் கிடைத்திருக்கிறது. ஆறுதலுக்குச் சொன்ன அந்த வார்த்தை உண்மை என்று சொன்னவர்களுக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. டியூப் துண்டுக்குத் தகுந்த மாதிரிக் காலை மாற்றி, அதற்கு ஒரு வைத்திய விளக்கமும் கண்டுபிடித்து, சோம்பேறிக் கால் என்று சும்மா இருந்த காலுக்குக் கெட்ட பெயரும் வைத்து... நம் வீடுகளில், கந்தோர்களில் "இங்கே இப்படித்தான்" என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அவற்றுக்கெல்லாம் அடியில் என்னென்ன டியூப் துண்டுகள் கிடக்கின்றனவோ?

மிதுனா வந்து அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைத் திரும்பப் போட ஏலுமா?" என்று பாஹிமிடம் கேட்டார்.

"வேண்டாம்" என்றது டொக்டர்தான். "வந்த ஆக்களுக்குப் பழுதான மெஷினோ? நீங்கள் எல்லாரும் ஆடுற மெஷினில நான் தோத்திட்டன். அது தோத்ததுதான்."

"அக்கா" என்றார் மிதுனா. சிரிப்பு இல்லை இப்போது. "குறூப்பில அதை எழுதினது நான். இளகின மெஷின் எண்டு. இஞ்ச வந்து பாக்காமலே எழுதினனான். இப்ப எனக்குப் பாக்கோணும்."

சொல்லிவிட்டு மெஷினிடம் போனார். அடுத்த ஆட்டத்துக்கு வைத்திருந்த தன் டோக்கனை எடுத்து வரிசையின் ஆகக் கடைசியில் வைத்தார். தன் இடத்தில் டொக்டருக்கு ஒரு டோக்கன் வைத்தார். அவர் கூட்டத்தில் இன்னொருவர் எழுந்து போய்த் தன்னுடையதையும் கடைசிக்கு நகர்த்தினார். பிறகு கைபேசியோடு குனிந்திருந்த அந்தப் பையன். ஒவ்வொருவராக எல்லோரும். அந்த விளிம்பில் யாரும் தன் டோக்கனைப் பின்னுக்கு நகர்த்தி நான் பார்த்ததே இல்லை. மிதுனா வாயால் ஒப்புக்கொண்டதைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

டொக்டர் நாடாவை மறுபடி கட்டினார்.

எல்லோரும் மேடையைச் சுற்றிக் குந்தினார்கள். கைபேசி வெளிச்சங்கள். ஸ்குரூவைப் பிடிக்கும் உத்தியோகம் மறுபடியும் எனக்கு. பழைய சென்சர், அதன் கீழே சைக்கிள் டியூப், மேலே தட்டு. பரிசோதனைக்குக் கொழும்புப் பையன் ஏறி இடது அம்பில் மிதித்தான். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தான். ஒன்றுமில்லை. மூன்றாவது தரம் ஏறிக் குதித்தான்; அதற்கும் கொஞ்சம் பிந்தித்தான் மெஷின் சம்மதித்தது.

"இதுலயா ஆடுறீங்க?" என்றான். பயந்துபோன குரல்.

டொக்டர் ஏறினார். அதே பாட்டு.

எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் அன்றைக்கு முதன்முறையாக எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்த இடது கால். அம்பு கோட்டுக்கு வரும் முன்பே அது கிளம்பிவிடும். மற்றக் கால் நேரத்துக்கு, இது நேரத்துக்கு முந்தி. ஒரே பாட்டில் இரண்டு கால்களும் இரண்டு மணிக்கூடு பார்த்து ஓடுகின்றன. முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. சிவப்பு வரவில்லை. பாதி தாண்டியது. அம்புகள் மழையாய்க் கொட்டின. மிதுனா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். கீழே ஃபேன் ஆடியிருக்கும், முதலாளி கவலைப்படவில்லை, அவர்தான் ஆகச் சத்தமாகக் கத்தினார்.

முடித்தார். கடைசி அம்புவரை. ஸ்கோர் அந்தப் பழைய படத்தில் இருந்ததைவிடக் கூட.

கொழும்பு ஆட்கள் கத்தியதில் நானாவின் தேநீர் கவிழ்ந்தது. பாஹிம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சீறினார். டொக்டர்? துவாயை எடுத்து மேடையைத் துடைத்தார். அது முடிந்த பிறகுதான் உட்கார்ந்து அழுதார்.

அதற்குப் பிறகு விருந்தாளிகள் ஒவ்வொருவராக அந்த மெஷினில் ஏறினார்கள். ஒருவர் மிச்சமில்லாமல் இடது அம்பில் விழுந்தெழும்பினார்கள். மிதுனா என் குழந்தைப் பாட்டிலேயே வெளியே போனார். நான் விடுவேனா?

"மெஷின் பிழை பிள்ளை" என்றேன்.

அன்று பின்னேரமே அவர் டொக்டரின் ஸ்கோரைப் படம் எடுத்துக் குறூப்பில் போட்டார். கீழே எழுதியிருந்தார்: என் கண்ணால் பார்த்தேன். நான் முன்பு எழுதியது பிழை. அவ்வளவுதான். பிழை என்று எழுத எத்தனை பேரால் முடிகிறது? ஒரு முழு நாட்டுக்கே சில நேரம் வராத வார்த்தை அது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேம், கேம் என்று கெட்டுப்போகிறார்கள் என்று நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பேன். எழுதியிருந்தால் அதுவும் பிழை. வரிசையை மதிக்கிறவர்கள், துடைத்துவிட்டு இறங்குகிறவர்கள், தடுமாறுகிறவரைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் — எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அந்த மாடியில்தான் இருக்கிறார்கள்.

கடைசியில் நானா கேட்டார், எந்தச் சென்சரை வைப்பது என்று. எல்லோரும் டொக்டரைப் பார்த்தார்கள்.

"புதுசைப் போடுங்கோ" என்றார். "இனி வாற ஆக்களுக்காவது கால் சரியாப் பழகட்டும்."

அப்படியென்றால் இத்தனை வருஷப் பழக்கத்தையும் அவர் கழற்ற வேண்டும். கழற்றுகிறார். ஆகச் சுகமான லெவலில் இருந்து, குழந்தைப் பாட்டில் இருந்து, முதல் நாள் ஆள் மாதிரி. இப்போது டொக்டரும் நானும் ஒரே வகுப்பு. அவருக்கு இடதுகால் இன்னும் முந்திப் பாய்கிறது. எனக்குக் கழற்றவேண்டிய கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, ஏனென்றால் நான் எதையுமே பழகியிருக்கவில்லை.

நேற்று நான் அவரை வென்றுவிட்டேன். துள்ளிக் குதித்தேன், நானாவுக்குக் கை கொடுத்தேன், முதலாளியைக் கீழேயிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். டொக்டர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது... மேல்வரிசையில் ஒரு பல் இரண்டு நாளாகக் கொதிக்கிறது, நாளைக் காலை அவரிடம்தான் வாயைத் திறக்க வேண்டும்.

இன்று பின்னேரம் எப்படியாவது தோற்றுவிட வேண்டும்.